குளிசையே போடாத அம்மாவுக்கு மருந்துக்கு அடங்காத கிருமி எப்படி வந்தது?

கேள்வி: இணுவிலில் இருக்கும் என் அம்மாவுக்கு வயது 63. இந்த ஆண்டில் மட்டும் மூன்று முறை சலக்கடுப்பு வந்துவிட்டது. கடைசியாகச் செய்த சிறுநீர்க் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும்) பரிசோதனையில் ஈ.கோலை என்ற பக்டீரியா வளர்ந்திருந்தது; பல மருந்துகளுக்கு எதிரே ‘ஆர்’ என்று போட்டிருந்தார்கள். அம்மா தலையிடிக்குக்கூட மல்லித் தண்ணீர் குடிக்கிறவர். அன்டிபயோட்டிக் எடுத்ததே அரிது. பக்கத்து வீட்டு மலசலகூடக் குழி எங்கள் கிணற்றுக்குக் கிட்ட, மதிலுக்கு அப்பால்தான் இருக்கிறது. “எல்லாம் தண்ணீரால்தான், பில்டர் பூட்டுங்கள்” என்று கனடாவில் இருக்கும் தம்பி சொல்கிறான். அது சரியா, டொக்டர்?

பதில்: அந்த ‘ஆர்’ என்ற எழுத்துக்கு, அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது என்று பொருள். அது அம்மாவின் உடம்பைப் பற்றியதல்ல. “அவருக்கு மருந்து பழகிவிட்டது” என்று நம் ஊரில் சொல்வார்கள். பழகியது கிருமிக்கு. அதனால்தான் வாழ்நாளில் குளிசையே தொடாத ஒருவரிடமும் மருந்துக்கு அடங்காத கிருமி குடியிருக்க முடிகிறது.

சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் ஈ.கோலை பெரும்பாலும் நோயாளியின் சொந்தக் குடலிலிருந்தே வருகிறது. அது குடலுக்குள் எப்போது, எதனோடு போனது என்பதை அந்த அறிக்கை சொல்லாது. உணவு, கை, தண்ணீர், வைத்தியசாலை வாசம் என்று வழிகள் பல.

1950களின் இறுதியில் ஜப்பானில் வயிற்றுளைவு நோயாளிகளிடம் வைத்தியர்கள் விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். வயிற்றுளைவை உண்டாக்கும் ஷிகெல்லா கிருமி ஒரே நேரத்தில் நான்கு மருந்துகளுக்கு அடங்க மறுத்தது. அதே நோயாளியின் குடலில் சாதுவாக இருந்த ஈ.கோலையும் அதே நான்குக்கும் அடங்கவில்லை. இரண்டு வகையையும் ஆய்வுகூடத்தில் கலந்துவைத்தபோது மருந்தை எதிர்க்கும் தன்மை ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவியது. பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையம் செய்த வேலை அது. இரண்டு பக்டீரியாக்கள் தொட்டுக்கொள்ளும்போது ஒன்று தன் வளையத்தைப் படியெடுத்து மற்றதற்குக் கொடுக்கிறது. நாம் கைமாற்றாகக் காசு கொடுத்தால் நம் கையிருப்புக் குறையும். இங்கே கொடுத்தவரிடமும் முழுதாக இருக்கும், வாங்கியவரிடமும் முழுதாக இருக்கும், திருப்பித் தரவும் வேண்டியதில்லை. இனம் வேறாக இருந்தாலும் தடையில்லை. செத்த கிருமியின் டி.என்.ஏ. துண்டை உள்வாங்குவதும், பக்டீரியாவைத் தாக்கும் வைரசுகள் மரபணுவைத் தூக்கிச் செல்வதும் மற்ற இரண்டு வழிகள்.

இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குத் தண்ணீர் வசதியான இடம். நம் குடல் கிருமிகள் மலக்கழிவோடும், கோழிக்கூட்டுக் கிருமிகள் எருவோடும் வந்து சேர்கின்றன. நீரிலேயே பிறந்து வளர்ந்த பக்டீரியாக்கள் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. கிணற்றுச் சுவரிலும் குழாயின் உட்புறத்திலும் படியும் வழுவழுப்பான பாசிப்படலத்துக்குள் எல்லாம் நெருக்கியடித்து வாழ்கின்றன. நாம் விழுங்கும் மருந்தில் ஒரு பகுதி மாறாமலே சிறுநீரோடு வெளியேறி அங்கே போய்ச் சேர்கிறது. கிருமியைக் கொல்ல அந்த அளவு போதாது. எதிர்ப்புள்ளவற்றைப் பெருகவிட அது போதும். சிப்ரோபுளொக்சசின் என்ற அன்டிபயோட்டிக்கின் வலுவைக் குறைக்கும் ‘கியூ.என்.ஆர்.’ மரபணுக்களில் ஒன்று, ஷெவனெல்லா என்ற நீர்வாழ் பக்டீரியாவிடமிருந்து நோய்க்கிருமிகளுக்கு வந்தது. 2011இல் வெளியான ஆய்வொன்று, மிக வலுவான அன்டிபயோட்டிக்குகளையும் செயலிழக்கச் செய்யும் ‘என்.டி.எம்.-1’ மரபணுவைப் புதுடில்லியில் தேடியது. தெருவில் தேங்கிய நீர் மாதிரிகள் 171இல் 51இலும், குழாய் நீர் மாதிரிகள் 50இல் 2இலும் அது இருந்தது.

நம் யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலத்தடி சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்துமாக இருக்கும். மணல் நிலம் வடிகட்டுவதுபோல அது வடிகட்டாது. குழிக்கும் கிணற்றுக்கும் இத்தனை அடி இடைவெளி போதும் என்ற கணக்கு இங்கே அவ்வளவாக எடுபடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர்மட்டம் குழியின் அடிவரை ஏறிவிட்டால், மதில் எதையும் மறிக்கப் போவதில்லை.

ஆகவே தம்பி சொன்னது பாதி சரி. அம்மாவின் கிருமி அந்தக் கிணற்றிலிருந்துதான் வந்தது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் கிணற்றைச் சந்தேகிக்கக் காரணம் உண்டு. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி நீரைப் பரிசோதியுங்கள். அந்தப் பரிசோதனை மரபணுவைக் காட்டாது, மலக்கழிவு கலந்திருக்கிறதா என்பதைக் காட்டும். அது கலந்திருந்தால் மருந்துக்கு அடங்காத கிருமியும் கூடவே வரக்கூடும்.

பில்டரை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். உள்ளே இருக்கும் வடிபொருளை உரிய காலத்தில் மாற்றாத வீடுகளே அதிகம். மாற்றாவிட்டால் நான் சொன்ன பாசிப்படலம் அதற்குள்ளேயே வளரும். கொதித்தாறிய நீர் மலிவானது, நம்பகமானது. கொதிக்கும்போது கிருமி செத்துவிடும். பச்சையாக உண்ணும் கீரை, பழங்களைக் கழுவவும் வாய் கொப்பளிக்கவும் அந்த நீரையே பயன்படுத்துங்கள். (கொதிக்கவைத்தால் நீரில் கரைந்திருக்கும் நைத்திரேற்று என்ற உப்பு போகாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதைத் தனியாகப் பரிசோதியுங்கள்.) மிஞ்சிய அன்டிபயோட்டிக் குளிசைகளை மலசலகூடத்தில் கொட்டாதீர்கள்.

அம்மாவின் சிகிச்சைக்கு வருவோம். அறிக்கையில் ‘எஸ்’ என்று குறித்த, கிருமி அடங்கக்கூடிய மருந்துகளும் இருக்கும். நைட்ரோபியூரான்டோயின் போன்ற பழைய மருந்துகள் பல நேரங்களில் இன்னும் கைகொடுக்கின்றன. எது பொருந்தும் என்பதைச் சிறுநீரகச் செயற்பாட்டைப் பார்த்து உங்கள் வைத்தியர் முடிவு செய்யட்டும். போன தடவை மிஞ்சியதைப் போட்டுப் பார்க்க வேண்டாம். இரத்தச் சீனியைப் பாருங்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பிறப்புறுப்பில் பூசும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் திரும்பத் திரும்ப வரும் தொற்றைக் குறைக்கும். இதைப் பலர் கூச்சத்தால் கேட்பதில்லை, வைத்தியர்களும் சொல்வதில்லை. எரிவோ வேறு தொல்லையோ இல்லாமல் பரிசோதனையில் மட்டும் கிருமி தெரிந்தால், இந்த வயதில் பொதுவாக மருந்து தேவையில்லை.

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விலாவுக்குப் பின்புற வலி, வாந்தி, பேச்சில் தடுமாற்றம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். அந்தக் கல்ச்சர் அறிக்கையையும் கையில் கொண்டு போங்கள்.