கடனைப் பேசி முடிப்பது: கேட்டதும் சொன்னதும்

ஒரு வங்கியின் வாராக்கடன் பிரிவில் 22 வருஷம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். இப்போது ஓய்வு, ஈரோட்டில் இருக்கிறேன். ஒரு தொகையைக் குறைத்துப் பேசி மொத்தமாகக் கட்டி முடிக்கிற ஓடிஎஸ் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

பல்லடம்: அய்யா, தறி போட வாங்கிய கடன் வட்டியோடு 19 லட்சம் நிற்கிறது. ஒரு வருஷமாகக் கட்ட முடியவில்லை. எவ்வளவுக்குக் கேட்கலாம்?

தம்பி, எவ்வளவு குறைப்பார்கள் என்பதை விடுங்க, உங்களுக்கு உண்மையிலேயே எவ்வளவு புரளும் என்று முதலில் பாருங்க. அடமானச் சொத்தை இன்றைக்கு அவசரமாக விற்றால் என்ன போகும், கேஸ் போட்டால் எத்தனை வருஷம் இழுக்கும், இதுதான் வங்கியின் கணக்கு. அதைவிட நீங்கள் சொல்கிற தொகை மேல் என்றால்தான் மேனேஜரால் மேலிடத்துக்குக் குறிப்பு எழுத முடியும். முதலில் அபராத வட்டியை விடுவார்கள், அப்புறம் வட்டி. அசலில் கை வைப்பது கடைசியில்தான், சொத்து பலமாக இருந்தால் அநேகமாக அதுவும் நடக்காது.

வெறுங்கையோடு போகாதீங்க. சோமனூர் பக்கமிருந்து ஒருவர் மஞ்சப்பையில் மூன்று வருஷத்துக் கூலி நோட்டுகளைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். எந்த வாரம் நெய்வதற்கு எத்தனை பாவு (தறியில் ஏற்றுகிற நூல்) வந்தது என்று பென்சிலில் எழுதியிருந்தார், பாவு வராத வாரங்களில் வெறும் கோடு. கடைசி வருஷத்துப் பக்கங்களில் கோடுதான் அதிகம். அந்தக் கோடுகளை வைத்துத்தான் அவருக்கு நான் குறிப்பு எழுதினேன்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்க, ஓடிஎஸ்ஸை உரிமையாகக் கேட்க முடியாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதனால் சண்டை போடாமல் பேசுங்க.

திருப்பூர்: கிரெடிட் கார்டு பாக்கி 1,30,000. இன்றைக்கே 45,000 ஜிபே செய்தால் முடித்துத் தருவதாக வசூலுக்கு வருகிறவர் சொல்கிறார். போடலாமா?

போடவே போடாதீங்க அம்மணி! கார்டு கடனுக்கு அடமானம் இல்லை, அதனால் நன்றாகவே குறைப்பார்கள், 45,000 நிஜமாகவும் இருக்கலாம். ஆனால் வங்கியின் லெட்டர்பேடில் உங்கள் கணக்கு எண், கட்டவேண்டிய தொகை, கடைசித் தேதி, மீதி தள்ளுபடி என்கிற வரி, இந்த நாலும் வந்த பிறகுதான் பணம். அதையும் கார்டு கணக்கிலேயே நேராகக் கட்டுங்க, ஆள் கையில் கொடுக்க வேண்டாம். டீக்கடையில் வைத்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு வாட்ஸ்அப் மெசேஜை நீட்டி அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஒன்றும் செய்ய முடியவில்லை. காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்கு மேலும் வசூலுக்குப் போன் செய்யக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அழைப்பு வந்த நேரத்தைக் குறித்து வைத்துப் புகார் எழுதுங்க.

கோவை: கட்ட வசதி இருக்கிறது. வேண்டுமென்றே நிறுத்தினால் குறைப்பார்களா?

வேண்டாங்க. உங்கள் கடன் வரலாற்றைக் காட்டுகிற சிபில் அறிக்கையில் 'செட்டில்டு', அதாவது முழுசாகக் கட்டாமல் பேசி முடித்தது என்று ஏறும், அடுத்த வீட்டுக் கடனுக்குப் போகும்போது அதுதான் முன்னால் நிற்கும். விவசாயக் கடன் தவிர மற்றதில், பேசி முடித்தவருக்கு அதே வங்கி குறைந்தது 12 மாதம் புதுக்கடன் தரக்கூடாது என்றும் 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

பவானி: ஓடிஎஸ் கடிதம் வந்துவிட்டது. கெடு நெருங்குகிறது, 2 லட்சம் குறைகிறது. மீட்டர் வட்டிக்கு வாங்கிக் கட்டட்டுமா?

அய்யோ, வேண்டாம் சாமி. வங்கியில் விட்டுக்கொடுத்த வட்டியையெல்லாம் மீட்டர் வட்டிக்காரரிடம் சில மாதத்திலேயே கட்டிவிடுவீர்கள். 2003 கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறதுதான், ஆனால் அதற்காக அந்தக் குழியில் இறங்கிப் பார்க்க முடியாது. நகையோ வண்டியோ விற்கப் பாருங்க. அதுவும் முடியாதென்றால் கெடு முடிவதற்கு முன்பே கால நீட்டிப்பு கேட்டு எழுதிக் கொடுத்து, நகலில் வங்கி முத்திரை வாங்குங்க. கெடு தாண்டிவிட்டால் சலுகை ரத்தாகி முழுப் பாக்கியும் திரும்ப வந்து நிற்கும்.

பெருந்துறை: பேச்சு நடக்கும்போதே 13(2) நோட்டீஸ் வந்திருக்கிறது.

பாக்கியைக் கட்டாவிட்டால் அடமானச் சொத்தைக் கைப்பற்றுவோம் என்று வங்கி சட்டப்படி அனுப்புகிற நோட்டீஸ் அது. பேச்சு நடப்பதால் நோட்டீஸின் நாள்கணக்கு நிற்காது. 60 நாள்தான். அதற்குள் பதில் எழுதுங்க, வங்கி 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். சொத்தைக் கைப்பற்ற வந்தால் 45 நாளுக்குள் கோவையில் இருக்கிற கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

சங்ககிரி: மச்சானின் லாரிக் கடனுக்கு ஜாமீன் போட்டேன். அவர் பேசி முடித்தால் நான் தப்பித்தேனா?

கடிதத்தில் உங்கள் பெயரும் இருக்கிறதா என்று பாருங்க. ஜாமீன்தாரருக்கும் இனிப் பாக்கி இல்லை என்று எழுதி வாங்காமல் மச்சானைப் பணம் கட்ட விடாதீங்க. நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலைகளையும் அன்றே திருப்பி வாங்குங்க.

கோபி: கட்டி முடித்து இரண்டு மாதம் ஆகிறது. பத்திரம் கொடுக்க இழுத்தடிக்கிறார்கள்.

கணக்கு முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரத்தைத் தரவேண்டும். வீட்டுக் கடன் போன்ற தனிநபர் கடன்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிற ரிசர்வ் வங்கி விதி இது. தாமதம் அவர்கள் பக்கம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தரவேண்டும். இந்தத் தொகையைக் குறிப்பிட்டு இன்றைக்கே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்க.