வரையாடு ஏன் ஓடவில்லை?

அன்புள்ள ஐயா,

பூஜை விடுமுறையில் குடும்பத்தோடு மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போனோம். சொந்த வண்டி மேலே போகக்கூடாதாம். நல்ல கூட்டம், வனத்துறைப் பேருந்துக்கு வெகுநேரம் வரிசையில் நின்றோம். ராஜமலையில் இறங்கினால் போட்டு வைத்த பாதையில் கொஞ்ச தூரம் நடக்கலாம், அவ்வளவுதான். என் மகள் புல்லில் கால் வைத்ததுமே விசில். நல்லவேளையாக ஒரு வரையாடு (மலை ஆடு) அவளுக்குப் பத்தடி தள்ளி நின்று மேய்ந்தது. காட்டை நேசிக்கிறவனையும் இப்படித் தள்ளியே நிறுத்தினால் அவனுக்கு எப்படிப் பற்று வரும்?

கே., உடுமலை

அன்புள்ள கே.,

நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன அந்த வரையாட்டிலிருந்தே தொடங்குகிறேன். அது ஏன் ஓடவில்லை?

சங்கப் பாடல்களில் வருடை என்று வருவது இதுதான் என்பார்கள். வேட்டைக்கு ஆளான மலைகளில் மனிதத் தலை தெரிந்தாலே செங்குத்துப் பாறையில் இறங்கி மறைந்துவிடும். ராஜமலை ஒருகாலத்தில் தேயிலைக் கம்பெனியின் வேட்டைக்காடு. அப்போதே அந்த மலைப் பழங்குடியினரான முதுவர்கள் காவல் இருந்தார்கள். கம்பெனி நிலத்தை அரசு எடுத்துக்கொள்ள வந்த 1971 சட்டத்துக்குப் பிறகு அது கேரள அரசிடம் வந்தது. 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா. மனிதனால் தனக்குக் கெடுதல் இல்லை என்று அந்த ஆடுகள் பழகிக்கொண்டது இந்தக் காவலால்தான். 97 சதுர கிலோமீட்டரில் ஒரு மூலையை மட்டும் நமக்குத் திறந்துவிட்டு, குட்டி போடும் காலத்தில் அதையும் மூடிவிடுகிறார்கள். உங்கள் மகள் பத்தடியில் ஆட்டைப் பார்த்தாளே, அது அந்த விசிலும் சேர்ந்து கொடுத்ததுதான்.

அப்புறம் அந்தப் புல். பார்க்க வெறும் மேடு மாதிரி இருக்கும். ஆட்டுக்கு அதுதான் சோறு. புல்வெளியும் மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் சோலைக்காடும் சேர்ந்து மழையைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுகின்றன. கிழக்கே இறங்கும் ஓடைகள் பாம்பாறாகி, சின்னாறும் சேர்ந்து, உங்கள் ஊர்ப் பக்கத்து அமராவதி அணைக்குத்தான் வருகின்றன. ஆயிரக்கணக்கான பேர் மிதித்தால் சரிவில் மண் தெரியும். மண் தெரிந்த இடத்தை மலை மழை சும்மா விடாது.

ஆனால் பற்று எப்படி வரும் என்ற உங்கள் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். 'இறங்காதே' என்று மட்டும் கேட்டுத் திரும்புகிறவருக்கு மனதில் நிற்பது கோபம்தான். எந்தப் பூங்காவானாலும் சரி, வரிசையில் நிற்கிற நேரத்தில், அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் பத்து நிமிடம் பேச வேண்டும். இந்தப் புல் என்ன, இந்தத் தண்ணீர் எங்கே போகிறது, குட்டி எப்போது பிறக்கும் என்று சொல்ல வேண்டும். அதற்கு அவருக்கு ஒழுங்கான சம்பளமும் கொடுக்க வேண்டும். நம் பணம் இதற்குப் போனால் எனக்குச் சந்தோஷம். மேலே இன்னொரு சிமெண்டுப் பாதைக்குப் போனால் வருத்தம்.

அடுத்த முறை விடுமுறை இல்லாத நாளாகப் பார்த்து, காலை முதல் பேருந்தில் போங்கள். பிப்ரவரி, மார்ச்சில் பெரும்பாலும் மூடியிருக்கும். 2018இல் அங்கே பூத்த நீலக்குறிஞ்சி இனி 2030இல்தான். அப்போது மகளையும் கூட்டிப்போங்கள். பூத்த செடி பட்டுப்போய்விடும், அதன் விதையில் முளைக்கும் செடி பூக்க இன்னும் பன்னிரண்டு வருடம் ஆகும் என்பதைப் பேருந்தில் ஏறும் முன்பே அவளுக்குச் சொல்லிவிடுங்கள்.