மோய் ஆற்றங்கரைக் கணக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலை என்று ஆசைகாட்டி ஆட்களைக் கடத்தி அடைத்துவைக்கும் மியான்மரின் இணைய மோசடி முகாம்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் பார்த்தேன். இரவு தூக்கமே இல்லை. நம் செட்டிநாட்டுப் பெரியவர்கள் கொண்டுவிக்க (கடல் கடந்து தொழில் செய்ய) போனபோது சொர்க்கமாக இருந்த பர்மாவா இது? அந்த நாடு இனி உருப்படுமா? படத்தின் ஒளிப்பதிவு, இசை பற்றியும் எழுதுங்கள்.

பி.கு.: அக்கா மகனுக்கு பாங்காக்கில் கணினி வேலை வந்திருக்கிறது. மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

கண்ணப்பன், தேவகோட்டை

அன்புள்ள கண்ணப்பன்,

நானும் பார்த்தேன். ஒளிப்பதிவையும் இசையையும் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். நாடு உருப்படுமா என்று காரைக்குடியில் ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு சொல்ல நான் யார்?

அந்தப் படத்தோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. முள்வேலி, துப்பாக்கி, அடிபட்ட முதுகு எல்லாம் காட்டுகிறார்கள். கணக்கைக் காட்டவில்லை. தாய்லாந்து எல்லையில், மியாவாடி ஊர்ப் பக்கம் மோய் ஆற்றங்கரையில் நிற்கும் அந்தக் கட்டடங்களின் நிலவாடகை யாருக்குப் போகிறது? சா சிட் து என்பவரின் ஆயுதக்குழு அங்கே கோலோச்சுகிறது. 2010-ல் ராணுவமே எல்லைக் காவல் படையாகச் சேர்த்துக்கொண்ட கூட்டம் அது. நிலத்தை வாடகைக்கு விட்டு, மின்சாரம் விற்றுச் சம்பாதிக்கிறது என்று சொல்லித்தான் 2025 மே மாதம் அமெரிக்கா அவர்கள்மேல் தடை போட்டது. எல்லை தாண்டி தாய்லாந்து விற்றுவந்த மின்சாரம் 2025 பிப்ரவரியில்தான் நின்றது. அதுவரை பில் போயிருக்கிறது, யாரோ கட்டியிருக்கிறார்கள், யாரோ ரசீது போட்டிருக்கிறார்கள். அந்த ரசீதைத் தேடிப் போயிருந்தால் அது படம்.

என் அப்பச்சியை (அப்பாவை) பெற்ற ஐயா பர்மாவின் பெகு ஊரில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது முதலாளியின் ஏஜென்டுக்கு உதவியாளராக இருந்தவர். அந்தக் கடையின் பேரேடு ஒன்று எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்தது. முத்து முத்தான கையெழுத்து. மாங் போ என்ற விவசாயியின் பற்று, வரவு, வட்டி. 1930-க்கு அப்புறம் நெல் விலை விழுந்தது. மாங் போவின் வட்டி வரவும் நின்றுபோகிறது. சில பக்கம் தள்ளினால் அவர் வயல் கடைக் கணக்கில் ஏறியிருக்கிறது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம் அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் 25 ஆனது இப்படித்தான். எல்லாம் சட்டப்படி. நம்மவர்களுக்கும் நிலம் வேண்டியிருக்கவில்லை, கொடுத்த பணம்தான் வேண்டியிருந்தது. இருந்தாலும் சொர்க்கம் என்கிறீர்களே, மாங் போவிடம் கேட்டீர்களா? பர்மாத் தேக்குத் தூணைத் தடவிக்கொண்டே எத்தனை நாளைக்கு இந்தக் கதை? கடன் கொடுத்தவரையும் ஆள் கடத்துகிறவனையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. அப்படி யாராவது வைத்தால் நானே சண்டைக்குப் போவேன். ஒரு நாட்டைப் பற்றிப் பேச வருகிறவர் அதன் பேரேட்டைப் புரட்டிவிட்டு வரட்டும் என்கிறேன். படம் எடுத்தவரும் சரி, நீங்களும் சரி.

அப்புறம், என்ன மனிதர் நீங்கள்! முதல் வரியில் எழுத வேண்டியதைப் பின்குறிப்பில் போடுகிறீர்கள். பாங்காக்கில் இறக்கி, எல்லை ஊரான மே சோட் வரை காரில் கொண்டுபோய் மோய் ஆற்றைத் தாண்டவைப்பதுதான் அந்த மோசடி முகாம்காரர்களின் வழக்கம். 2022-ல் தமிழ்ப் பிள்ளைகளே அப்படிப் போய் மாட்டி மீண்டு வந்தார்கள். ‘சுற்றுலா விசாவில் வா, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று ஏஜென்ட் சொன்னால் அனுப்பாதீர்கள். அந்த விசாவில் அங்கே வேலை பார்க்கவே கூடாது. ஏஜென்டின் பதிவு எண்ணை வாங்கி அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். தம்பிக்கு டிக்கெட் போட்டாகிவிட்டதா? இன்றைக்கே பதில் எழுதுங்கள்.