இதய வால்வை யார் திறந்து மூடுகிறார்கள்?

வியாசர்பாடி படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை கேள்வி நேரம். பதில் சொல்பவர், கல்லூரியில் உடலியங்கியல் நடத்தி ஓய்வுபெற்ற அக்கா.

கொடுங்கையூர், பிளஸ் டூ மாணவி: அக்கா, வால்வைத் திறக்கச் சொல்லி மூளை கட்டளை போடுமா?

இல்லம்மா. எந்தப் பக்கம் அழுத்தம் கூடுகிறதோ அதற்கு ஏற்ப வால்வின் மெல்லிய மடல்களான இதழ்கள் அசைகின்றன, அவ்வளவுதான். இதயத்தின் இடது கீழறையான வெண்ட்ரிக்கிள் சுருங்கத் தொடங்கியதும் அதன் அழுத்தம் மேலறையான ஆரிக்கிளை மிஞ்சும். இரண்டுக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு சாத்திக்கொள்ளும். ஆனால் ரத்தம் உடலுக்கு வெளியேறும் வாசலான பெருந்தமனி வால்வு உடனே திறக்காது. அதன் மறுபக்கம், பெருந்தமனியில், ஏறக்குறைய 80 மி.மீ. பாதரச அழுத்தம் காத்திருக்கிறதே! அதைத் தாண்டும்வரை, விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம், இந்த இரண்டு வால்வும் மூடியே இருக்கும். தாண்டியதும் சுமார் 70 மில்லி ரத்தம் வெளியேறும். வெண்ட்ரிக்கிள் தளர்ந்ததும் அந்த ரத்தம் திரும்பி வரப் பார்க்கும். அந்தத் தள்ளலிலேயே பெருந்தமனி வால்வு மூடிவிடும். அப்புறம் வெண்ட்ரிக்கிள் அழுத்தம் ஆரிக்கிளைவிடக் குறையும்போது மைட்ரல் திறக்கும். ஆரிக்கிள் சுருங்கித்தான் எல்லா ரத்தமும் இறங்குகிறது என்று தேர்வில் எழுதிவிடாதே. பெரும்பகுதி தானாகவே இறங்கிவிடும்.

காசிமேடு தம்பி: அப்போ மைட்ரல் இதழ்களை வெண்ட்ரிக்கிள் சுவரோடு கட்டியிருக்கிற நூல்கள் இழுத்துத் திறக்கத்தானே, அக்கா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். காற்று அடிக்கும்போது படகுப் பாய் புரண்டுவிடாமல் கயிறு பிடித்துக்கொள்ளும் இல்லையா, அந்த வேலைதான். நூல் அறுந்தால் இதழ் ஆரிக்கிள் பக்கம் புரண்டு ரத்தம் பின்னோக்கிப் போகும். பெருந்தமனி வால்வுக்கு நூலே கிடையாது; கிண்ணம் போன்ற அதன் மூன்று இதழ்களும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும்.

ராயபுரம் பெரியவர்: இதயத்தின் லப், டப் சத்தம் வால்வு திறக்கும்போதா, மூடும்போதா?

மூடும்போதுதான் ஐயா. மைட்ரலும், வலப்பக்கத்தில் அதே இடத்தில் இருக்கும் மூவிதழ் வால்வும் மூடினால் லப். பெருந்தமனி, நுரையீரல் தமனி வால்வுகள் மூடினால் டப். நல்ல வால்வு திறக்கும்போது ஸ்டெத்தில் சத்தம் கேட்காது.

தண்டையார்பேட்டை அம்மா: தொண்டை வலி வந்து, அப்புறம் மூட்டு வீங்கி, என் பையனுக்கு ருமாட்டிக் காய்ச்சல்னு சொன்னாங்க. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில 21 நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி. இப்போ நல்லா இருக்கான், நிறுத்திடலாமா?

வேண்டவே வேண்டாம்மா. மூட்டு வலி போய்விடும், மைட்ரல் வால்வுக்குப் பாதிப்பு வந்திருந்தால் அது அப்படிப் போய்விடாது. தொண்டைக் கிருமி திரும்பத் திரும்ப வந்தால் இதழ்கள் தடித்து ஒட்டி, வாசல் குறுகிவிடும். எத்தனை வருஷம் ஊசி என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அவரே: இசிஜி நார்மல்னாங்களே?

இசிஜி காட்டுவது மின்னோட்டத்தை. இதழ் சரியாகத் திறக்கிறதா, கசிகிறதா என்பது, ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோவில்தான் தெரியும். எக்கோ எடுத்தாச்சான்னு அடுத்த ஊசிக்குப் போகும்போது கேளுங்க.