61 வயதில் அன்னபூர்ணா சுற்றுப்பாதையை நடக்கலாமா?

கேள்வி: எனக்கு 61 வயது, ஊர் திண்டுக்கல். போன வருடம் பணி ஓய்வு பெற்றேன். நேபாளத்தில் அன்னபூர்ணா சுற்றுப்பாதையை 12 நாளில் நடந்து முடிக்க ஆசை. பையையும் நானே சுமக்க நினைக்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். படி இறங்கும்போது வலது முட்டி வலிக்கும். இந்த வயதில் மூச்சு தாங்காது என்று மகள் தடுக்கிறாள். போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் 12 நாளில் வேண்டாம், முழுச் சுமையோடும் வேண்டாம்.

உங்கள் மகளுக்கு மூச்சைப் பற்றிப் பயம். எனக்கு உங்கள் முட்டியும் அந்த 12 நாள் கணக்கும்தான் கவலை. உயரத்தில் காற்று மெலிவதால் வரும் உயரநோய் வயது பார்த்து வருவதில்லை. எவ்வளவு வேகமாக மேலே போகிறோம் என்பதைப் பொறுத்தே வருகிறது. லீவு முடிவதற்குள் திரும்ப வேண்டும் என்று அவசரமாக ஏறுகிற இளைஞர்களும் அதில் படுத்துவிடுகிறார்கள். உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. 18 நாள் ஒதுக்குங்கள்.

3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு தங்கும் உயரம் நாளுக்குச் சுமார் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும். இப்போது மனாங் (3,540 மீட்டர்) வரைக்கும் ஜீப் போகிறது. அதில் ஏறி ஒரேயடியாக மனாங்கில் போய் இறங்குவதைப் போல ஆபத்தான காரியம் வேறில்லை. சாமே (2,670 மீட்டர்) வரை ஜீப்பில் போய் இரவு தங்கி, அங்கிருந்து நடங்கள். மேல் பிசாங்கில் இரண்டு இரவு, மனாங்கில் மூன்று இரவு. மனாங்கில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் மருத்துவ மையம் இருக்கிறது. சீசனில் அங்குள்ள மருத்துவர்கள் உயரநோய் பற்றிப் பேசுவார்கள், கட்டாயம் போய்க் கேளுங்கள். அப்புறம் யாக் கர்கா, தோரோங் பேடி, பிறகுதான் பாதையின் உச்சியான தோரோங் லா கணவாய்.

கையில் நாள் மிச்சம் இருப்பது வானிலைக்கும் வேண்டும். 2014 அக்டோபரில் விசாகப்பட்டினம் பக்கம் கரையேறிய ஹுத்ஹுத் புயலின் மிச்சம் தோரோங் லா கணவாயில் பனிப்புயலாகக் கொட்டியது. மலையேறிகளும் உள்ளூர்க்காரர்களுமாக 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். வானம் சரியில்லை என்றால் கீழேயே இரண்டு நாள் உட்கார்ந்திருக்க முடிய வேண்டும். 12 நாள் திட்டத்தில் அதற்கு இடமே இல்லை.

இனி முட்டி. தோரோங் லா 5,416 மீட்டர், அதற்கு அந்தப் பக்கம் இறங்கிச் சேரும் முக்திநாத் சுமார் 3,800 மீட்டர். ஒரே நாளில் 1,600 மீட்டர் இறக்கம். உங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், பழநி மலையைப் பத்து தடவை தொடர்ந்து இறங்குவது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். வயதாக ஆகத் தசை மெலிகிறது, அந்தப் பிடிமானம் தளர்ந்தால் அடி முழுவதும் முட்டிக்குப் போகும்.

முதலில் எலும்பு மருத்துவரிடம் முட்டியைக் காட்டுங்கள். அவர் சரி என்றால் இன்றே தொடங்குங்கள். வாசற்படியில் ஒரு காலில் நின்று, மற்றக் காலின் குதிகாலை நான்கு எண்ணும் நேரத்தில் மெதுவாகக் கீழே இறக்குங்கள். தரையைத் தொட்டதும், எடையை அதில் போடாமல் மறுபடி மேலே வாருங்கள். நிற்கிற முட்டி உள்பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும். சுவரை லேசாகப் பிடித்துக்கொள்ளலாம். காலுக்குப் பத்து வீதம் மூன்று சுற்று, வாரம் மூன்று நாள், ஆறு மாதம். பழநிக்குப் போனால் யானைப்பாதையில் ஏறிப் படிவழியே இறங்குங்கள். விஞ்சை மறந்துவிடுங்கள்.

இரண்டு ஊன்றுகோல் அவசியம். சமதளத்தில் முழங்கை செங்கோணத்தில் இருக்கும் நீளம் சரி, இறக்கத்தில் ஐந்து பத்து சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். இறங்கத் தொடங்குமுன் ஷூ லேஸைக் கணுக்காலருகே இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பாதம் முன்னால் சறுக்கிப் பெருவிரல் நகம் கறுத்துவிடும்.

பை விஷயத்தில் வீம்பு வேண்டாம். தண்ணீர், மழைச்சட்டை, மாத்திரை என ஐந்து ஆறு கிலோ உங்களிடம் இருக்கட்டும், மற்றதைப் போர்ட்டரிடம் கொடுங்கள். அது அவருடைய பிழைப்பு. அவருக்கு நல்ல ஷூவும் காப்பீடும் இருக்கிறதா என்று கேட்பது உங்கள் கடமை. உங்கள் காப்பீட்டில் 5,500 மீட்டர் வரைக்கும் ஹெலிகாப்டர் மீட்புச் செலவு அடங்குமா என்பதையும் படித்துப் பாருங்கள்.

டிக்கெட் எடுக்குமுன் இதய மருத்துவரிடம் டிஎம்டி (ஓடுபட்டையில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும்) பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இந்த வயதில் மலையில் நான் அஞ்சுவது வெளியே தெரியாத இதய அடைப்புக்குத்தான். உங்கள் ரத்த அழுத்த மாத்திரை நீர் பிரிக்கும் வகையா, இதயத் துடிப்பைக் குறைக்கும் வகையா என்று கேளுங்கள். முதல் வகை மேலே உடம்பை வறட்டிவிடும், இரண்டாவது ஏற்றத்தில் சீக்கிரம் களைக்க வைக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உயரநோயைத் தடுக்க டயமாக்ஸ் எடுப்பதையும் அவரிடமே முடிவு செய்யுங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் சொல்லிவிடுங்கள். அது சிறுநீரைக் கூட்டும். இருட்டில், உறைபனியில், வெளியே இருக்கும் கழிப்பறைக்குப் போய் வழுக்கி விழுவதைவிட, அகன்ற வாய் உள்ள பாட்டில் ஒன்றைப் படுக்கையருகே வைத்துக்கொள்வது நல்லது. தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம்.

தலைவலியோடு வாந்தியோ சோர்வோ சேர்ந்தால் அன்று மேலே போகக்கூடாது. கோடு போட்டதுபோல நேராக அடிமேல் அடி வைத்து நடக்க முடியவில்லை, அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது என்றால், நடுராத்திரியானாலும் கீழே இறங்கிவிட வேண்டும்.

மனாங்கிலேயே முட்டி மறுத்துவிட்டால் கவலைப்படாதீர்கள். ஜீப்பில் கீழே வந்து, பொக்காரா, ஜோம்சோம் வழியாகச் சாலையிலேயே முக்திநாத் போய்ச் சேரலாம். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்று நம்மவர்கள் கும்பிடப் போகும் திவ்யதேசம் அதுதான். இந்த மாற்று வழியைப் புறப்படும் முன்பே கைடிடமும் மகளிடமும் சொல்லி வையுங்கள்.