நியூபோர்ட் ஒப்பந்தத்தின் 'அசல் நகல்' வாங்கலாமா?

எம்.ஏ. வரலாறு கடைசி வருடம் படிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி. மன்னர் முதலாம் சார்லஸுடன் இங்கிலாந்து நாடாளுமன்றம் நியூபோர்ட்டில் நடத்திய பேச்சுவார்த்தையும் அதற்குப் பின் பிரபுக்கள்மேல் நடந்த வழக்குகளும்தான் அவருடைய ஆய்வேடு. மன்னருக்காகப் படை நடத்திய ஸ்காட்லாந்துப் பிரபு ஹாமில்டன் டியூக்கின் தலை வெட்டப்பட்டது 1648 மார்ச் 9 என்று ஒரு புத்தகமும் 1649 மார்ச் 9 என்று இன்னொரு புத்தகமும் சொல்கின்றன. பேச்சுவார்த்தை தொடங்கியதே 1648 செப்டம்பரில்தான் என்பதால், முதல் புத்தகம் சரியென்றால் தன் வாதமே கவிழ்ந்துவிடும் என்று பயப்படுகிறார். இதற்கு நடுவில் ஒரு ஏஜென்ட், லண்டனிலிருந்து முத்திரை போட்ட 'நியூபோர்ட் ஒப்பந்த' நகலும் ஹாமில்டன் வழக்குக் கட்டும் எடுத்துத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறாராம். கொடுக்கலாமா என்பது கேள்வியின் கடைசி வரி.

கொடுக்காதீர்கள். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன், முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் தேதியைப் பார்த்துவிடுவோம்.

உங்கள் வாதம் கவிழவில்லை. அன்றைய இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது ஜனவரி 1இல் அல்ல, மார்ச் 25இல். அதனால் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை நடந்த எல்லாமே அவர்கள் கணக்கில் பழைய ஆண்டிலேயே விழும். மன்னரின் தலை விழுந்த ஜனவரி 30ஐயும் அந்தக் காலத்து ஆவணங்கள் 1648 என்றுதான் எழுதின, நாம் 1649 என்கிறோம். ஹாமில்டனுக்கும் அதே கதைதான். இங்கிலாந்து ஆவணத்தில் அந்த மூன்று மாதத் தேதி வந்தால் ஆண்டோடு ஒன்றைக் கூட்டுங்கள், அவ்வளவுதான். 1648/9 என்று இரட்டையாகப் போட்டிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

ஆனால் இன்றைய பதிப்பாசிரியர்கள் பலர் ஏற்கெனவே கூட்டிவிட்டுத்தான் அச்சடிக்கிறார்கள், அதன்மேல் நீங்களும் ஒன்றைக் கூட்டி ஹாமில்டனை 1650இல் கொன்றுவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் கிழமையைப் பாருங்கள். அன்றைய ஜூலியன் நாட்காட்டிப்படி 1649 மார்ச் 9 வெள்ளிக்கிழமை, நம் கணக்கிலான 1648 மார்ச் 9 வியாழக்கிழமை. ஆவணத்தில் வெள்ளி என்று இருந்தால் முடிந்தது விஷயம்.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதை விட்டுவிட்டால் நீங்கள் கட்டாயம் மாட்டுவீர்கள், ஏனென்றால் உங்கள் ஆளே அந்த ஊர்க்காரர். ஸ்காட்லாந்து 1600ஆம் ஆண்டிலேயே ஜனவரி 1க்கு மாறிவிட்டது. ஆண்டை மட்டும்தான் மாற்றினார்கள், நாள் கணக்கு இங்கிலாந்தோடு ஒத்தேதான் போனது. ஆக எடின்பரோவில் எழுதிய கடிதத்தில் 1649 பிப்ரவரி என்று இருந்தால் அது 1649 பிப்ரவரியேதான், கூட்டக் கூடாது. அதே வாரம் லண்டனில் எழுதிய கடிதத்தில் 1648 பிப்ரவரி என்று இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் பதில் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் கழித்துக் கேள்வி வந்ததுபோலத் தெரியும். ஹாமில்டன் செத்த அதே மாதம் 22ஆம் தேதி எடின்பரோவில் ஹன்ட்லி மார்க்விஸின் தலையும் வெட்டப்பட்டது. ஸ்காட்லாந்துக் கணக்கில் அது 1649, லண்டன் கணக்கில் 1648. எனவே எங்கே எழுதப்பட்டது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர் லண்டனில் இருந்துகொண்டு எழுதினால்? லண்டன் வழக்கப்படியும் எழுதுவார், பழக்க தோஷத்தில் தன் நாட்டு வழக்கப்படியும் எழுதுவார், கிழமைதான் துணை.

இப்போது ஏஜென்ட். நியூபோர்ட்டில் யாரும் எதிலும் கையெழுத்துப் போட்டு முடிக்கவில்லை. வைட் தீவில் இருக்கும் அந்த ஊருக்கு நாடாளுமன்றம் பதினைந்து பேரை, பிரபுக்கள் ஐந்து, கீழவையான காமன்ஸ் சபையினர் பத்து என்று அனுப்பியது. செப்டம்பர் 18இல் பேச்சு தொடங்கியது, நாற்பது நாள் என்ற கெடு நீண்டுகொண்டே போய் நவம்பர் கடைசிவரை இழுத்தது. எல்லா அம்சத்திலும் உடன்பாடு வந்தாலொழிய எதுவுமே செல்லாது என்ற நிபந்தனையோடுதான் மன்னர் உட்கார்ந்தார். படைகளின் கட்டுப்பாட்டை இருபது ஆண்டுக்கு விட்டுத்தர ஒப்புக்கொண்டார், திருச்சபையின் ஆயர்களை (பிஷப்புகளை) ஒழிக்கும் விஷயத்தில் பிடி கொடுக்கவில்லை. இருப்பவையெல்லாம் கோரிக்கைகள், பதில்கள், பதிலுக்குப் பதில்கள். இவற்றைச் சேர்த்துக் கட்டி ஒப்பந்தம் என்று முத்திரை குத்தி விற்பவர் உங்களுக்கு விற்பது முத்திரையை மட்டுமே.

இந்த ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். இணையத்தில் இலவசமாகக் கிடப்பதை அச்செடுத்து, சிவப்பு நாடா கட்டி, ஆயிரக்கணக்கில் வாங்கிவிடுவார்கள். காமன்ஸ் சபையின் மூல மனு என்று ஏதாவது காட்டினால் இன்னும் உஷாராக இருங்கள். 1834 அக்டோபர் 16இல் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை எரிந்தபோது அந்தச் சபையின் காகிதங்களில் பெரும்பகுதி சாம்பலானது. பிரபுக்கள் சபையின் ஆவணங்கள் ஜூவல் டவர் என்ற தனிக் கட்டடத்தில் இருந்ததால் பிழைத்தன. இவர்கள் பிழைப்பு நடப்பதற்கு நம் பல்கலைக்கழகங்களும் காரணம்தான். ஆவணத்தைப் படித்தாயா என்று கேட்பதில்லை, பின்னிணைப்பில் முத்திரை தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். மாணவர் என்ன செய்வார், முத்திரையைத் தேடிப் போகிறார்.

சரி, வழக்கை எங்கே தேடுவது? பிரபு மீதான வழக்கு என்பதால் பிரபுக்கள் சபைக் குறிப்பேட்டில் தேடியிருப்பீர்கள், கிடைத்திருக்காது. அந்தச் சபை 1649 பிப்ரவரி 6ஓடு கூடுவதையே நிறுத்திவிட்டது. பயனற்றது, ஆபத்தானது என்று அன்றே காமன்ஸ் தீர்மானம் போட்டது, மார்ச்சில் சட்டம் போட்டே ஒழித்தது. 1641இல் ஸ்ட்ராஃபோர்ட் ஏர்லை பிரபுக்கள் முன்னால் நிறுத்தி வாரக்கணக்கில் விசாரித்தார்கள், குற்றம் நிற்காது என்று தெரிந்ததும் அவரைக் குற்றவாளி என்று அறிவிக்கும் தனிச் சட்டமே கொண்டுவந்து கொன்றார்கள். 1649இல் அந்தச் சுற்றுவழியெல்லாம் இல்லை. பிராட்ஷா தலைமையிலான உயர் நீதிமன்றம் ஒன்றை காமன்ஸ் அமைத்தது. ஹாமில்டன், ஹாலண்ட், நார்விச், கேப்பல் பிரபு, கூடவே பிரபு அல்லாத சர் ஜான் ஓவன் என ஐந்து பேரை நிறுத்தி, ஐவருக்கும் மரண தண்டனை.

பொருளடக்கத்தில் ஹாமில்டன் என்று மட்டும் தேடாதீர்கள். ஸ்காட்லாந்து டியூக்கை இங்கிலாந்துக்குத் துரோகம் செய்தவர் என்று எப்படிச் சொல்வது? அதனால் அவருக்கிருந்த ஆங்கிலப் பட்டத்தைப் பிடித்து, கேம்பிரிட்ஜ் ஏர்ல் என்றுதான் கூண்டில் ஏற்றினார்கள். பாதிப் பேர் இங்கேதான் தேடலைக் கைவிடுகிறார்கள்.

கருணை மனுக்கள் மீதான வாக்குகளை காமன்ஸ் குறிப்பேட்டின் ஆறாம் தொகுதியில் பாருங்கள். ஹாலண்டின் உயிர் ஒரே வாக்கில் போனது, நார்விச் சபாநாயகர் லெந்தாலின் தனி வாக்கில் தப்பினார். ஓவனும் பிழைத்தார். மற்ற மூவரும் மார்ச் 9 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை முற்றத்தில் மேடை ஏறினார்கள். கேப்பல் அதற்கு முன் லண்டன் கோபுரச் சிறையிலிருந்து தப்பிக்கூடப் போனார், அவரையும் ஒரு படகோட்டி காட்டிக் கொடுத்தான். இடையில் நிற்கும் ஆளை நம்புவது அன்றைக்கும் சரிப்படவில்லை.

உங்கள் ஆய்வேட்டுக்கு உண்மையான முதுகெலும்பு இதுதான் என்று நினைக்கிறேன்: பேச்சுவார்த்தை ஓடிக்கொண்டிருந்த 1648 நவம்பரில் இவர்களில் ஹாமில்டன் தவிர்த்த நால்வரை நாடு கடத்தினால் போதும் என்று காமன்ஸ் முடிவெடுத்திருந்தது. டிசம்பர் 5இல், மன்னரின் பதில்களை வைத்து மேலே பேசலாம் என்று 129க்கு 83 வாக்கில் தீர்மானித்தது. மறுநாள் காலை கர்னல் பிரைட் படையோடு வாசலில் நின்று உறுப்பினர்களைத் தடுத்தார். சில நாட்களில் அந்த நாடு கடத்தல் தீர்மானமும் ரத்து. நவம்பர் தீர்மானத்தையும் ரத்தையும் அதே ஆறாம் தொகுதியிலிருந்து நீங்களே எடுத்து, நாளும் கிழமையும் குறித்து, பின்னிணைப்பில் வையுங்கள். முத்திரை எங்கே என்று வழிகாட்டி கேட்டால் தொகுதி எண்ணையும் பக்கத்தையும் காட்டுங்கள்.