கையெல்லாம் பொரிப்பொரியாக இருக்கிறதே, டாக்டர்!

தோல் மருத்துவர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. அதனால் முகப்பரு, பொடுகு, கருவளையம் எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு 24 வயது. இரண்டு கைகளிலும் தோளுக்குக் கீழே, பின்பக்கமாகச் சின்னச் சின்னப் பொரிகள். தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கிறது. பள்ளியில் படிக்கும்போதே வந்தது. அரிப்பு, வலி எதுவும் கிடையாது. கரடுமுரடான நார் வைத்துத் தேய்த்துக் குளிக்கிறேன், ஸ்க்ரப் போடுகிறேன், சில பொரிகளைக் கிள்ளியும் விடுகிறேன். கிள்ளிய இடமெல்லாம் பழுப்புப் புள்ளியாக நின்றுவிட்டது. கை இல்லாத உடை போட்டு வருடக்கணக்காகிறது. இதற்கு முடிவே இல்லையா?

பதில்: முதலில் அந்த நாரை ஓரமாக வையுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் கெரட்டோசிஸ் பிலாரிஸ். கடிதத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லக் கூடாதுதான். ஆனால் இடம், தொடங்கிய வயது, அரிப்பில்லாத சொரசொரப்பு என்று நீங்கள் எழுதியிருப்பது எல்லாமே அதற்குத்தான் பொருந்துகிறது. மேற்கையின் பின்புறமும் வெளிப்புறமும், தொடை, பிட்டம், சிலருக்குக் கன்னம்: இவைதான் அது வழக்கமாக வரும் இடங்கள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வராது. அங்கே மயிர்க்கால்களே இல்லை.

நடப்பது இதுதான். நம் தோலின் மேலடுக்கும் முடியும் நகமும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. மேலடுக்கில் பழைய செல்கள் கண்ணுக்குத் தெரியாமல் உதிர்ந்துகொண்டே இருக்கும். உங்கள் தோலில் அவை மயிர்க்காலின் வாயில் சரியாக உதிராமல் தங்கி, இறுகி, சின்ன அடைப்பாகிவிடுகின்றன. ஒவ்வொரு பொரியும் அப்படி ஓர் அடைப்பு. என்னிடம் வருபவர்களுக்கு டெர்மோஸ்கோப் வழியாக அந்த இடத்தைப் பெரிதாக்கிக் காட்டுவேன். வெளியே வர வழியில்லாமல் மெல்லிய முடி ஒன்று சுருண்டு படுத்திருப்பது பல பொரிகளுக்குள் தெரியும். அதைப் பார்த்த பிறகு அநேகமாக யாரும் என்னிடம் 'அழுக்கா டாக்டர்?' என்று கேட்பதில்லை. அழுக்கு இல்லை. கிருமியும் இல்லை. அதனால்தான் எவ்வளவு சோப்புப் போட்டாலும் போவதில்லை.

பெரும்பாலும் இது குடும்பத்தில் ஓடுவது. இளம்பெண்கள் அம்மாவோடு வந்தால் அம்மாவின் கையையும் கொஞ்சம் தொட்டுப் பார்ப்பேன். 'எனக்கும் இருக்கா? நான் கவனிச்சதே இல்லையே' என்பார் அம்மா. மகள் வருடக்கணக்கில் மறைத்துக்கொண்டிருந்ததை அம்மா தன் கையில் கண்டுகொள்ளவே இல்லை! தோல் வறட்சி, எக்ஸிமா (அரிப்போடு சிவந்து தடிக்கும் தோல் அழற்சி), ஆஸ்துமா உள்ளவர்களிடம் இதைக் கூடுதலாகப் பார்க்கிறோம். சிலருக்குத் தோலின் ஈரத்தைக் காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் குறை இருக்கும்.

பதின்ம வயதினரில் 50 முதல் 80 சதவீதம் பேருக்கும், பெரியவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கும் இது இருப்பதாகத் தோல் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அந்த 40 சதவீதத்தில் நானும் ஒருத்தி. இந்தப் பதிலை எழுதும் கையிலும் அதே பொரிகள் உண்டு.

முடிவு உண்டா என்று கேட்டீர்கள். வேரோடு போக்கும் மருந்து இல்லை. ஆனால் மிருதுவாக்கி, அப்படியே வைத்துக்கொள்ள முடியும். எது வரை? போடுகிற வரை. நிறுத்தினால் சில வாரங்களில் சொரசொரப்பு திரும்பிவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம். சொல்லாவிட்டால் மூன்றாவது மாதம் வந்து 'உங்கள் க்ரீம் கேட்கவில்லை' என்பார்கள். ஆகவே எது சக்திவாய்ந்தது என்று தேடாதீர்கள். எதை நீங்கள் சலிக்காமல் போடுவீர்களோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

இனிக் காரியம். குளிப்பது வெதுவெதுப்பான நீரில், சுருக்கமாக. கடுமையான சோப்புக்குப் பதில் மிதமான க்ளென்சர். துண்டால் ஒற்றி எடுத்ததும், தோலில் ஈரம் முழுதாகக் காயும் முன்பே க்ரீம் போட வேண்டும். க்ரீம் டப்பாவை அலமாரியில் பூட்டி வைத்தால் மறந்துபோகும். என்னுடையது துண்டு மாட்டும் கொக்கிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

என்ன க்ரீம்? யூரியா 10 சதவீதம் உள்ளதில் தொடங்குங்கள். ஈரத்தைப் பிடித்து வைப்பது, அடைப்பை இளக்குவது என்று இரண்டு வேலையும் அது செய்யும். தோல் ஏற்றுக்கொண்டால் 20 சதவீதத்துக்குப் போகலாம். லாக்டிக் அமிலம் 10 அல்லது 12 சதவீதம் இன்னொரு நல்ல வழி. 2015இல் வெளியான ஓர் ஆய்வில் 10 சதவீத லாக்டிக் அமிலத்தையும் 5 சதவீத சாலிசிலிக் அமிலத்தையும் 12 வாரம் ஒப்பிட்டார்கள். லாக்டிக் அமிலம் போட்டவர்களுக்குப் பொரிகள் சராசரியாக 66 சதவீதமும், சாலிசிலிக் போட்டவர்களுக்கு 52 சதவீதமும் குறைந்தன. சிறிய ஆய்வுதான். ஆனால் அந்த 12 வாரத்தைக் கவனியுங்கள். பத்து நாளில் வித்தியாசம் தெரியவில்லை என்று டப்பாவை மாற்றுகிறவர்கள்தான் அதிகம்.

யூரியாவும் இரண்டு அமிலங்களும் முதல் சில நாள் லேசாகச் சுரீரென்கும். சிவந்து எரிந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். ஒரே நேரத்தில் மூன்றையும் பூச வேண்டாம். இவற்றுக்கு மசியாவிட்டால் அடபலீன், ட்ரெட்டினாயின் போன்ற ரெட்டினாய்டு க்ரீம்கள் இருக்கின்றன. அவற்றை மருத்துவர் எழுதிக் கொடுத்துப் போடுவதே நல்லது.

உங்கள் பழுப்புப் புள்ளிகளுக்கு வருகிறேன். உண்மையில் உங்களைத் தொந்தரவு செய்வது பொரியைவிட இவைதான் என்று நினைக்கிறேன். நம்மைப் போன்ற மாநிறத் தோல், கறுத்த தோலில் சின்னக் காயமும் வீக்கமும் ஆறும்போது நிறமியை விட்டுவிட்டுப் போகும். நார், ஸ்க்ரப், நகம் மூன்றும் அந்தக் காயத்தைத் தினமும் புதிதாக உண்டாக்குகின்றன. கிள்ளினால் அடைப்பு வெளியே வரலாம், ஆனால் அது மறுபடி உருவாகும். புள்ளியோ மாதக்கணக்கில் நிற்கும். வெளியில் போகும்போது கைக்குச் சன்ஸ்க்ரீன் போடுங்கள். லாக்டிக் அமிலம் போடுகிறவர்களுக்கு அது இன்னும் அவசியம், அந்த அமிலம் வெயிலைத் தோல் தாங்கும் திறனைக் குறைத்துவிடும். புள்ளிகள் பிடிவாதமாக நின்றால் அஸிலாயிக் அமிலம் கைகொடுக்கும். தயவுசெய்து நிறம் மங்க வைக்கும் என்று யாரோ சொன்ன கலவைக் க்ரீமை மட்டும் தொடாதீர்கள். அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, வரிகள் விழும். அதைச் சரி செய்வது இந்தப் பொரிகளைச் சமாளிப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

கை இல்லாத உடையை 12 வாரம் கழித்துத்தான் போட வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

கேள்வி: என் பையனுக்கு நாலு வயது. இரண்டு கன்னமும் எப்போதும் சிவந்து, சின்னச் சின்னப் பொரியாக இருக்கிறது. ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து மற்ற குழந்தைகளை விளையாட விடுவதில்லை சிலர். என்ன செய்வது?

பதில்: ஒட்டாது. தொட்டாலும், ஒரே துண்டைப் பயன்படுத்தினாலும், சேர்ந்து உருண்டு புரண்டாலும் ஒட்டாது. இதை என் பெயரைச் சொல்லியே அவர்களிடம் சொல்லுங்கள்.

சிறு குழந்தைகளுக்குக் கன்னத்தில் இது வருவது சகஜம். வளர வளரக் கன்னத்தில் உள்ளது பலருக்கு மங்கிவிடும், கையில் மட்டும் மிஞ்சலாம். ஆனால் கன்னச் சிவப்பு எக்ஸிமாவாகவும் இருக்கலாம். சொறிகிறானா, நீர் கசிகிறதா, முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் தடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நேரில் காட்டுங்கள். இல்லையென்றால் மணம் சேர்க்காத சாதாரண மாய்ஸ்சரைசர் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, அவ்வளவுதான். மேலே பெரியவர்களுக்குச் சொன்ன அமிலங்கள் அவன் கன்னத்துக்கு வேண்டாம். சாலிசிலிக் அமிலம் குழந்தையின் தோல் வழியாக உடம்புக்குள் கூடுதலாக இறங்கும். யூரியா எரியும், எரிந்தால் மறுநாள் க்ரீம் டப்பாவைக் கண்டதுமே ஓடிவிடுவான்.

கேள்வி: வயது 31. ஐந்து வருடமாக க்ரீம் போட்டு அலுத்துவிட்டது. லேசர் செய்தால் ஒரேயடியாகப் போய்விடும் என்கிறார்களே?

பதில்: 'ஒரேயடியாக' என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

லேசர் பயன்படாது என்று சொல்லவில்லை. 810 நானோமீட்டர் டயோடு லேசரை வைத்து 2015இல் ஒரு சோதனை வெளியானது. 23 பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு கைக்கு மட்டும் லேசர், மற்றக் கையை அப்படியே விட்டு ஒப்பிட்டார்கள். மூன்று அமர்வுகளுக்குப் பிறகு சொரசொரப்பு குறைந்திருந்தது. சிவப்பு குறையவில்லை. சிவப்புக்கு ரத்தக்குழாயைக் குறிவைக்கும் பல்ஸ்டு டை லேசர் என்று வேறு ஒன்று இருக்கிறது. ஆகவே உங்களுக்கு உறுத்துவது சொரசொரப்பா, சிவப்பா, கறுப்புப் புள்ளியா என்று முதலில் முடிவு செய்யுங்கள். மூன்றுக்கும் ஒரே கருவி கிடையாது. கறுத்த தோலில் லேசர் அளவு தவறினால் கொப்புளமும் புதிய கறுப்பும் வரும்; எனவே உங்களைப் போன்ற நிறத்தவர்களுக்குச் செய்து பழகியவரா என்று கேட்டு, சின்ன இடத்தில் சோதித்துப் பார்த்த பின் மற்றதைச் செய்யச் சொல்லுங்கள். அப்புறமும் க்ரீம் போட வேண்டியிருக்கும். அலுத்துவிட்டதென்றால், அரிப்போ வலியோ இல்லாத பட்சத்தில், சும்மா விட்டுவிடுவதும் ஒரு முடிவுதான். நான் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: நான்கு மாதக் கர்ப்பம். கையிலும் தொடையிலும் இருந்த பொரிகள் கூடியிருக்கின்றன. முன்பு எழுதிக் கொடுத்த ட்ரெட்டினாயின் மீதி இருக்கிறது, போடலாமா?

பதில்: வேண்டாம். ரெட்டினாய்டு க்ரீம்களைக் கர்ப்ப காலத்தில் தவிர்ப்பதுதான் முறை. கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே நிறுத்திவிடச் சொல்வோம். கர்ப்பத்தில் இது கூடுவது சிலருக்கு நடப்பதுதான். இப்போதைக்கு மாய்ஸ்சரைசர் போதும். யூரியாவோ லாக்டிக் அமிலமோ வேண்டுமென்றால் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சாலிசிலிக் அமிலத்தைப் பெரிய பரப்பில் பூச வேண்டாம்.

கேள்வி: விட்டமின் ஏ குறைந்தால்தான் இந்தப் பொரி வரும், மாத்திரை சாப்பிட்டால் போய்விடும் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: நண்பர் வேறொன்றைச் சொல்கிறார். சத்துக்குறைவால் மயிர்க்கால்கள் தடிப்பதும் உண்டு. அது ஃப்ரைனோடெர்மா. முழங்கை, முழங்கால் பக்கம் பெரிய, கூர்மையான பொரிகளாக வரும். கூடவே மாலையில் கண் மங்குவது போன்ற அறிகுறிகளும் இருக்கலாம். ஊட்டம் சரியாக உள்ளவருக்குக் கையில் வரும் கெரட்டோசிஸ் பிலாரிஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை. விட்டமின் ஏ உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும், கர்ப்பிணியின் கருவைப் பாதிக்கும். மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: 45 வயதுக்காரன். இதுவரை எதுவும் இருந்ததில்லை. திடீரென்று மார்பிலும் முதுகிலும் பொரிகள், நன்றாக அரிக்கிறது, சிலவற்றில் சீழ். இதுவும் அதுதானா?

பதில்: இருக்க வாய்ப்பு குறைவு. அது சிறு வயதில் தொடங்குவது, சீழ் வைக்காது, மார்பும் முதுகும் அதன் வழக்கமான இடமல்ல. பாக்டீரியாவோ ஈஸ்ட் என்ற பூஞ்சை வகையோ மயிர்க்கால்களைத் தாக்கினால் இப்படித்தான் அரிப்போடும் சீழோடும் வரும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஆன்டிபயாட்டிக் எடுத்தால் ஈஸ்ட் கூடவும் செய்யும். ஆகவே மீதி இருக்கும் மாத்திரை எதையும் விழுங்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். புதிதாக ஏதாவது மருந்து தொடங்கியிருந்தால் அதன் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள். சில மருந்துகளும் இப்படிப் பொரிகளைக் கிளப்பும்.

கேள்வி: கை முடியை ஷேவ் செய்தால் பொரி கூடுமா?

பதில்: ஷேவ் செய்வதால் இந்தப் பொரி உருவாகாது. ஆனால் பிளேடு பொரியின் நுனியைச் சீவினால் எரியும், புள்ளி விழும். நன்றாக நனைத்து, முடி வளரும் திசையிலேயே இழுங்கள். அன்று ராத்திரி லாக்டிக் அமிலமும் யூரியாவும் வேண்டாம், வெறும் மாய்ஸ்சரைசர் போடுங்கள்.